சிகரெட்டை விட்டு நாலு மாதம்: தாளிப்பு வாசனை ஏன் இன்னும் திரும்பவில்லை?

கேள்வி: மலேசியாவில், பினாங்கு பட்டர்வொர்த்தில் கல்யாணச் சமையல் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். வயது 51. இருபத்தாறு வருடம் தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்தேன். விட்டு நாலு மாதமாகிறது. ஆனாலும் கறிவேப்பிலை தாளிக்கிற வாசனை மங்கலாகத்தான் வருகிறது. போன வாரம் கேஸ் கசிந்ததை என் மனைவிதான் கண்டுபிடித்தார். பக்கத்திலேயே நின்ற எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூக்கில் விடும் மூலிகை எண்ணெயும் மாத்திரையும் சேர்த்து 180 ரிங்கிட்டுக்குத் தருகிறார். இரண்டே வாரத்தில் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா? வேப் என்கிற மின்சிகரெட் பிடித்தால் மூக்குக்குக் கெடுதல் இல்லை என்பது உண்மையா?

பதில்: வாங்காதீர்கள் ஐயா. வேப்பும் வேண்டாம். உங்கள் மூக்குக்கு வேண்டிய முக்கியமான மருந்தை நாலு மாதத்துக்கு முன்பே நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அது வேலை செய்ய இன்னும் நாள் பிடிக்கும்.

வாசனை பிடிக்கும் நரம்புகள் மூக்கின் உச்சியில், தபால்தலை அளவு தோலில் இருக்கின்றன. மற்ற நரம்புகள் போல இல்லாமல் இவை ஆயுள் முழுக்கச் செத்துச் செத்துப் புதிதாக முளைப்பவை. நாற்றங்காலில் நாற்று வளர்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிகரெட் புகை நாற்றை வேகமாகக் கருக்குகிறது, மண்ணையும் கெட்டியாக்கிவிடுகிறது. 1990இல் அமெரிக்காவில் 638 பேரை முகரவைத்துச் சோதித்தார்கள். புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களுக்கு வாசனைக் குறை ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. எவ்வளவு பிடித்தார்களோ அவ்வளவு குறை. விட்டவர்களுக்கு, விட்ட காலம் கூடக் கூட வாசனை திரும்பியிருந்தது. சிலருக்குச் சில மாதம், நிறையப் பிடித்தவர்களுக்குச் சில வருடம். இருபத்தாறு வருடத்துக் கணக்கு நாலு மாதத்தில் தீராது.

இப்போது அந்த 180 ரிங்கிட். என்னிடம் வருகிறவர்களில் பலர் இதைப் போல ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இந்த எண்ணெய்களில் பெரும்பாலும் கற்பூரமோ புதினா உப்போ இருக்கும். கோடாலித் தைலத்தை மூக்கில் வைத்தால் ஜில்லென்று ஏறுமே, அது வாசனை நரம்பின் வேலை இல்லை. எரிச்சல், குளிர்ச்சி, காரம் இவற்றை உணர்வது வேறொரு நரம்பு. வாசனையே தெரியாதவருக்கும் அது ஏறும். ஏறியதும் ‘ஆஹா, மூக்கு திறந்துவிட்டது’ என்று நீங்கள் நம்புவீர்கள், அடுத்த பாட்டில் விற்கும். தினமும் ராத்திரி மூக்கில் விடும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலில் இறங்கிக் கெடுதல் செய்வதும் உண்டு.

மாத்திரை இன்னும் மோசம். மூலிகை என்று விற்கிற பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்துக்கொண்டிருக்கிறது. மூக்கில் சதை வளர்ந்தவர் ஸ்டீராய்டு விழுங்கினால் சில நாளில் வாசனை வந்துவிடும். நிறுத்தினால் போய்விடும். பிறகு அவர் அந்த மாத்திரைக்கு அடிமை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறுவது தனி. பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள். எண் இருந்தாலும் ‘இரண்டு வாரத்தில் குணம்’ என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. துத்தநாகம் கலந்த மூக்கு மருந்து எதுவும் வேண்டாம். அப்படிப்பட்ட ஜெல்லால் வாசனையையே இழந்தார்கள் என்று 2009இல் அமெரிக்க அரசு எச்சரித்தது.

காசு செலவில்லாத பயிற்சி ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் 2009இல் சோதித்துப் பார்த்தது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்ற நாலு வாசனைகளைக் காலையும் இரவும் முகர வேண்டும், 12 வாரத்துக்கு. உங்கள் சமையல்கட்டிலேயே பன்னீர், எலுமிச்சைத் தோல், கிராம்பு, காப்பித்தூள் இருக்கும், அவை போதும். ஒவ்வொன்றையும் இருபது விநாடி மெதுவாக முகருங்கள். அந்த வாசனை எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டே முகருங்கள். விட்டு விட்டுச் செய்யாதீர்கள், தினமும் செய்யுங்கள்.

வேப் விஷயம். புகையிலை எரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நிகோடினும் சூடான ரசாயன ஆவியும் அதே வழியாகத்தான் மூக்குக்குப் போகின்றன. மூக்குக்குக் கெடுதல் இல்லை என்று யாரும் நிரூபிக்கவில்லை. இதில் என் கோபம் கடைக்காரர்கள் மேல் மட்டும் இல்லை. 2023 மார்ச் கடைசியில் நிகோடின் திரவத்தை நம் அரசாங்கம் நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. அதைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டம் 2024 அக்டோபர் 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. நடுவில் ஒன்றரை வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மாம்பழ வாசனை, பபிள்கம் வாசனை என்று விற்றார்கள்.

மறுபடியும் பிடிக்கத் தோன்றினால் அரசாங்க கிளினிக்கில் புகைப்பழக்கம் நிறுத்தும் பிரிவு இருக்கிறது. பல இடங்களில் அது வேலை நாளில், வேலை நேரத்தில்தான் நடக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்புப் பற்றவைக்கிறவர் எப்படிப் போவார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு நாள் லீவு போட்டுப் போய்விட்டு வாருங்கள்.

ஒன்றை மட்டும் பொறுத்திருந்து பார்க்கக் கூடாது. இன்றைக்கே ஒரு மூக்குத் துளையை விரலால் மூடிக்கொண்டு காப்பித்தூளை முகருங்கள், பிறகு மறுபக்கம். புகையால் வந்த குறை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மட்டும் தெரியவில்லை, ஒரு பக்கம் மட்டும் அடைக்கிறது, காலையில் காறித் துப்பினால் ரத்தக் கீற்று வருகிறது, ஒரு காது மட்டும் அடைத்த மாதிரி இருக்கிறது, கழுத்தில் வலி இல்லாத கட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். மூக்குக்குப் பின்னால் வரும் புற்றுநோய் இப்படித்தான் ஆரம்பிக்கும். ‘அது சீனர்களுக்கு வருவது டாக்டர்’ என்று நம்மவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நம்மிடையே குறைவு, உண்மைதான். இல்லாமல் இல்லை. கழுத்துக் கட்டிக்கு மாதக்கணக்கில் பத்துப் போட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அரசாங்க மருத்துவமனை தூரத்துத் தேதி கொடுத்தால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். ‘ஒரு பக்கம், ரத்தம்’ என்று பரிந்துரைக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கடிதத்தில் ‘வாசனைக் குறைவு’ என்று மட்டும் இருந்தால் வரிசையின் கடைசியில்தான் வைப்பார்கள்.

கடைசியாக கேஸ். சமையல் வாயுவுக்கு இயற்கையில் நாற்றம் கிடையாது, கசிந்தால் தெரியவேண்டும் என்றுதான் அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள். உங்களுக்கு அந்தக் காவல் இப்போது இல்லை. கேஸ் கசிவு அலாரம் ஒன்று வாங்கித் தரையை ஒட்டி மாட்டுங்கள், ஏனென்றால் அந்த வாயு கீழே தங்கும். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி நுரை பொங்குகிறதா பாருங்கள். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோவிலில் பந்தல் சமையல் எடுத்திருந்தால், உப்பும் புளியும் நீங்களே ருசி பாருங்கள், நாக்கு ஏமாற்றாது. எண்ணெய் காறியிருக்கிறதா, பால் கெட்டிருக்கிறதா என்பதை மட்டும் மனைவியிடம் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.