பெரிய இசை நிறுவனத்தின் துணையில்லாமல் ஒரு பாப் பாடகி நிலைக்க முடியுமா? ராபினின் கதை

கேள்வி இதுதான்: சிந்த் பாப் (சிந்தசைசர் மின்னிசையில் அமைந்த பாப்) பாடும் ஒருவர் பெரிய நிறுவனத்தை விட்டு விலகிய பிறகும் உலக அளவில் நிலைக்க முடியுமா, ஸ்வீடனின் ராபினை ஏன் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள், அவர் பாடல்களை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

முடியும் என்பதற்கு ராபினே சாட்சி. ஆனால் அவர் சொந்த நிறுவனம் தொடங்கிய 2005-இலிருந்து கதையை ஆரம்பிப்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அவர் எதையெல்லாம் விட்டுக்கொடுக்க மறுத்தார் என்பது தெரிந்தால்தான் பிற்காலப் பாடல்கள் ஏன் அப்படி அமைந்தன என்பது விளங்கும். அந்தப் பாடல்களோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ராபின் மிரியம் கார்ல்சன் 1979-இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். பெற்றோர் நாடகக்காரர்கள், சிறுவயதில் அவர்களுடைய குழுவோடு ஊர் ஊராகப் போயிருக்கிறார். பன்னிரண்டு வயதில் ஸ்வீடன் தொலைக்காட்சியின் சிறுவர் விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்கு முகப்புப் பாடல் பாடினார். பள்ளியில் நடந்த ஓர் இசைப் பயிலரங்கில், பெற்றோரின் மணமுறிவைப் பற்றித் தானே எழுதிய பாட்டைப் பாடியபோது பாடகி மேயாவின் கண்ணில் பட்டார். பதின்ம வயதிலேயே ஒப்பந்தம் கையெழுத்தானது.

1995-இல் முதல் ஆல்பம் வந்தது. அதில் அவரோடு வேலை செய்தவர்களில் இசைத் தயாரிப்பாளர்கள் டெனிஸ் பாப்பும் மேக்ஸ் மார்ட்டினும் உண்டு. ஸ்டாக்ஹோமில் இவர்களுடைய செய்ரான் ஸ்டுடியோவிலிருந்துதான் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், பிரிட்னி ஸ்பியர்ஸ் பாடல்கள் பின்னர் உலகெங்கும் போயின. 'டூ யூ நோ', 'ஷோ மீ லவ்' ஆகிய ராபினின் இரண்டு பாடல்களும் 1997-இல் அமெரிக்கப் பாடல் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்தன. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. அந்த வழியிலேயே தொடர்ந்திருந்தால் வசதியான வாழ்க்கைதான்.

அவர் தொடரவில்லை. 1999-இல் வந்த இரண்டாவது ஆல்பமான 'மை ட்ரூத்'தில், தான் செய்துகொண்ட கருக்கலைப்பைப் பற்றிய பாடலையும் சேர்த்திருந்தார். அமெரிக்க நிறுவனத்தார் ஆல்பத்தில் மாற்றங்கள் கேட்டார்கள். அவர் மறுத்தார், ஆல்பம் அமெரிக்காவில் வெளிவரவே இல்லை. இருபது வயதில், உலகின் மிகப் பெரிய சந்தையை ஒரு பாட்டுக்காக இழக்கத் துணிவது சாதாரணக் காரியமா? என் பார்வையில் அவருடைய சுதந்திரம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. நிறுவனத்தைப் பதிவு செய்தது அதற்குப் பிறகு நடந்த அலுவல் வேலை.

பிறகு ஜைவ் என்ற நிறுவனத்துக்கு மாறி 2002-இல் மூன்றாவது ஆல்பத்தை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜைவை பி.எம்.ஜி. என்ற பெரிய இசை நிறுவனம் வாங்கிவிட்டது. அவர் விட்டு வந்ததே பி.எம்.ஜி.யைத்தான்! இந்த நேரத்தில்தான் 'தி நைஃப்' என்ற அக்கா தம்பி இருவரின் மின்னிசை அவர் காதில் விழுந்தது. அவர்கள் தங்கள் இசையைத் தாங்களே நடத்திய சிறு நிறுவனத்தின் வழியாக வெளியிட்டு வந்தார்கள். ராபின் அவர்களோடு சேர்ந்து 'ஹூஸ் தட் கேர்ள்' பாடலை உருவாக்கினார். வெட்டி வெட்டிப் பாயும் சிந்தசைசர், நல்ல பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டுமா என்று உரக்கக் கேட்கும் குரல். நிறுவனத்துக்கு அது பிடிக்கவில்லை. ஒப்பந்தத்திலிருந்து தன்னை விலைகொடுத்து விடுவித்துக்கொண்டு, 2005-இல் கோனிச்சிவா ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார்.

தன் பெயரையே தலைப்பாக வைத்து வெளியிட்ட 'ராபின்' ஆல்பம் அந்த ஆண்டு ஸ்வீடனில் முதலிடம் பிடித்தது. பெரும்பாலான பாடல்களில் உடன் உழைத்தவர் இசைத் தயாரிப்பாளர் கிளாஸ் ஓலுண்ட். மறு ஆண்டு ஸ்வீடனின் கிராமிஸ் விருதுகளில் சிறந்த ஆல்பம் உட்பட மூன்று விருதுகள் கிடைத்தன. வெளிநாடுகளுக்கு அது மெதுவாகவே போய்ச் சேர்ந்தது: பிரிட்டனுக்கு 2007, அமெரிக்காவுக்கு 2008. அங்கெல்லாம் விநியோகத்துக்குப் பெரிய நிறுவனங்களோடுதான் கைகோத்தார். இந்த இடத்தைப் பலர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. சுயாதீனக் கலைஞர் என்றால் பெரிய நிறுவனங்களின் வாசலை மிதிக்கவே கூடாது என்று பொருளில்லை. பதிவு அவருடைய சொந்த நிறுவனத்தில் உருவாகிறது. எந்தப் பாட்டு, எந்த அட்டைப்படம், எப்போது வெளியீடு என்பதை அவர் முடிவு செய்கிறார். முடிந்த சரக்கைக் கடைக்குக் கொண்டுபோகும் வேலை மட்டும் மற்றவருடையது. பேரம் பேசும்போது யார் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் இங்கே முழு வேறுபாடும்.

2007 ஆகஸ்டில், கிளியரப் என்ற இசைத் தயாரிப்பாளரோடு பாடிய 'வித் எவ்ரி ஹார்ட்பீட்' பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. இதன் அமைப்பைக் கவனித்துக் கேளுங்கள். வழக்கமான பல்லவி இதில் கிடையாது. தாளம் ஒரே சீராக முன்னேறிக்கொண்டே இருக்கிறது. பாதியில் எல்லாம் நின்று வயலின்கள் மட்டும் ஒலிக்கின்றன. அதன்பின் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் அந்த வரி சற்று அதிகமாக வலிக்கிறது. பட்டியலில் இடம்பிடிப்பதற்கென்றே பாட்டு செய்யும் ஒரு கூட்டத்தில் இது அனுமதி பெற்றிருக்கும் என்று நான் நம்பவில்லை.

2010-இல் அவர் செய்த காரியம் இன்னும் துணிச்சலானது. ஆல்பம் முழுதாக முடியும்வரை காத்திராமல், தயாரான பாடல்களை 'பாடி டாக்' என்ற பெயரில் ஜூன், செப்டம்பர், நவம்பர் என ஒரே ஆண்டில் மூன்று தவணையாக வெளியிட்டார். முதல் தவணையில் இருந்ததுதான் 'டான்சிங் ஆன் மை ஓன்'. நடனக்கூடத்தின் மூலையில் ஒரு பெண் நிற்கிறாள். முன்னாள் காதலன் வேறொருத்தியை முத்தமிடுவதைப் பார்த்தபடி தனியாக ஆடுகிறாள். வேறெந்த ஒலியும் நிலைபெறும் முன்பே துடிக்கத் தொடங்கும் பேஸ், பாடல் முழுக்க அவளை அங்கிருந்து நகரவிடாமல் பிடித்துவைக்கிறது. கடைசிப் பல்லவிக்கு முன்னால் டிரம் மெஷின் படபடவென்று பொரிந்து தள்ளும் அந்தச் சில நொடிகளுக்காக நான் எத்தனை முறை பாட்டைப் பின்னோக்கி ஓட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. அழுகையும் ஆட்டமும் ஒரே உடம்பில் நடக்கும் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன நடனப் பாட்டு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஸ்வீடனில் முதலிடம், கிராமி பரிந்துரை எல்லாம் கிடைத்தன. ஆனாலும் அதன் உண்மையான பரவல் ஆண்டுக்கணக்கில் மெல்ல நிகழ்ந்தது. 2012-இல் 'கேர்ள்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் இடம்பெற்றது. 2016-இல் பாடகர் கேலம் ஸ்காட் பியானோவோடு மெதுவாகப் பாடிய வடிவம் பிரிட்டனில் பெரும் வெற்றி பெற்றது. 2019 மார்ச்சில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ராபினின் நிகழ்ச்சி முடிந்து இறங்கிய ரசிகர்கள் நியூயார்க் சுரங்க ரயில் நடைமேடை முழுக்க நின்று அதையே பாடினார்கள்.

அதே ராபின்தான் 'பாடி டாக்'குக்குப் பிறகு தனி ஆல்பம் இல்லாமல் எட்டு ஆண்டுகள் இருந்தார். நார்வேயின் மின்னிசை இரட்டையரான ராய்க்சாப்போடு 2014-இல் ஒரு குறும்பதிவு வந்தது. அதே ஆண்டு, நெடுநாள் நண்பரும் உடன் உழைத்தவருமான கிறிஸ்டியன் ஃபால்க் புற்றுநோயால் இறந்தார். காதல் உறவிலும் முறிவு. 'ஹனி' 2018 அக்டோபரில்தான் வந்தது. அதன் தலைப்புப் பாடலின் ஆரம்ப வடிவம் 2017-இலேயே 'கேர்ள்ஸ்' தொடரில் ஒலித்துவிட்டது. உடனே வெளியிடுங்கள் என்று ரசிகர்கள் கெஞ்சினார்கள். அவர் அவசரப்படவில்லை. நிறுவனத்தின் காலாண்டுக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டிய பாடகி இப்படிக் காத்திருக்க முடியாது. 'ஹனி'யில் பழைய ஆவேசம் இல்லை. தாளங்கள் தளர்ந்து, ஒலிகள் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. சிலருக்கு அது ஏமாற்றம் தந்தது. எனக்கு அவருடைய ஆல்பங்களிலேயே மிக நெருக்கமானது அதுதான்.

எல்லோருக்கும் இந்த வழி கைகூடுமா என்று கேட்டால், தயங்கித்தான் பதில் சொல்வேன். ராபினுக்குப் பெயர் ஏற்கெனவே இருந்தது. ஒப்பந்தத்தை முறிக்கப் பணமும் இருந்தது. அறிமுகமே இல்லாத ஒருவருக்கு இவை இரண்டும் கிடையாது. அப்படிப்பட்டவர் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது தி நைஃப் காட்டிய வழிதான்: சிறிதாகத் தொடங்கலாம், ஆனால் மூலப்பதிவின் உரிமையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

கேட்கத் தொடங்க: முதலில் 'டான்சிங் ஆன் மை ஓன்', உடனே 'கால் யுவர் கேர்ள்பிரெண்ட்'. முன்னதில் கைவிடப்பட்டவள் பேசுகிறாள். பின்னதில் புதிதாக வந்தவள், பழைய காதலியிடம் எப்படி மனம் நோகாமல் சொல்வது என்று அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். பிறகு 'வித் எவ்ரி ஹார்ட்பீட்'. அது பிடித்தால் 2005 ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள். 'ஹனி'யைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்போனில், வரிசை மாற்றாமல்.