எல்லாக் காசையும் சேர்க்க வேண்டாம், ஒரு வகையை முழுதாகச் சேருங்கள்

கல்முனையிலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மம்மா காலமான பிறகு அலுமாரிக்குள் இருந்து ஒரு பிஸ்கட் பேணி நிறையப் பழைய குத்திகள் கிடைத்திருக்கின்றன. தரம் எட்டில் படிக்கும் மகன் அன்றிலிருந்து நாணயம் சேர்க்கப் போகிறேன் என்று நிற்கிறானாம், உலகத்துக் காசெல்லாம் வேண்டுமாம், கையில் கிடைக்கிற காசு முழுக்க அதிலேயே போகிறதாம். இதற்கிடையில் யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்து, பேணியை அப்படியே நிறுத்து எடுக்கிறேன் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். இது பிரயோசனமான பொழுதுபோக்கா, பிள்ளை எதைக் குறிவைத்துச் சேர்ப்பது, இருப்பதை விற்கலாமா என்பதுதான் அவருடைய கேள்வி.

விற்க வேண்டாம், கழுவவும் வேண்டாம். காரணம் பின்னால் சொல்கிறேன்.

பொழுதுபோக்கு நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உலகத்துக் காசெல்லாம் வேண்டும் என்பது வெறும் ஆசை. ஆசைக்கு முடிவு கிடையாது, அதனால் பிள்ளை கண்டதையெல்லாம் வாங்குவான், ஒரு பேணி இரண்டு பேணியாகும், உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாமல் போகும், கடைசியில் அலுத்துப்போய்க் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவான். பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன், பெரியவர்களிடம் இன்னும் அதிகமாகப் பார்த்திருக்கிறேன். அதைவிட முக்கியமான ஒன்று: நீங்கள் எல்லை போடாவிட்டால் விற்கிறவன் போடுவான். என்ன வேண்டும் என்று தெரியாமல் போகிறவரின் தலையில்தான் விலைப்படாமல் கிடந்ததெல்லாம் கட்டப்படும்.

ஆகவே முடிக்கக்கூடிய ஒன்றை எடுங்கள். அதற்கு எங்கேயும் போகத் தேவையில்லை, அந்தப் பேணியிலேயே தொடக்கம் இருக்கும். மேசையில் ஒரு பழைய துவாயை விரித்து (காசு கைதவறி விழுந்தாலும் விளிம்பு நசியாது), சதுரமான ஐந்து சதங்களை மட்டும் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அந்தச் சதுரக் காசு இல்லாத பேணி அபூர்வம். 1909 இல் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் தலையோடு வந்த காசு அது. பிறகு ஐந்தாம் ஜோர்ஜ், அவருக்குப் பிறகு ஆறாம் ஜோர்ஜ். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1942 இல் வெள்ளை நிறம் போய் மஞ்சளானது, அது நிக்கல் கலந்த பித்தளை. இன்னும் இரண்டு வருடத்தில் அதே காசைத் தட்டையாக, மெல்லியதாக அடித்தார்கள். 1963 இல் அரசர் தலையை எடுத்துவிட்டு இலங்கைச் சின்னத்தைப் போட்டார்கள், 1972 இல் குடியரசான பிறகு சின்னமும் பெயரும் மாறின, 1978 இல் அலுமினியமாகி, கையில் வைத்தால் பாரமே தெரியாத காசாகிவிட்டது. மூலை மழுங்கிய சதுரம் மட்டும் மாறவேயில்லை. ஆட்சி மாறியது, யுத்தம் வந்தது, பணத்தின் பெறுமதி இறங்கியது எல்லாவற்றையும் அந்த ஒரு காசை வைத்தே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். வகைக்கு ஒன்று என்று சேர்த்தால் பத்துக்குள் முடிந்துவிடும். ஆண்டுக்கு ஒன்று என்று போனால் கொஞ்சம் நீளும், ஆனாலும் அதற்கும் ஒரு கரை உண்டு.

சதுரக் காசு பிடிக்கவில்லையென்றால், 2013 என்று ஆண்டு போட்ட பத்து ரூபாக் குத்திகள் இருக்கின்றன. இலங்கையின் 25 மாவட்டத்துக்கும் ஒவ்வொன்று, மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் உட்பட. மிச்சக் காசிலேயே தேடலாம், பிள்ளைக்குச் செலவே இல்லை. பூவிதழ் போல விளிம்பு வளைந்த இரண்டு சதமும் நல்ல தெரிவு. எலிசபெத் மகாராணியின் தலை நம் புழக்கக் காசில் வந்தது அந்த இரண்டு சதத்தில் மட்டும்தான், அதுவும் 1955, 1957 என்று இரண்டே ஆண்டுகள். நினைவு நாணயங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வளைகுடாவிலிருந்து வந்த ரியால், திர்ஹம் குத்திகள் எல்லா வீட்டிலும் இருக்கும், அவற்றை ஒரு போத்தலில் போட்டு வையுங்கள், இப்போதைக்கு அதற்குள் இறங்க வேண்டாம்.

ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். சேர்க்க வேண்டியவற்றை முதலிலேயே வரிசையாக எழுதி, கிடைத்ததும் பக்கத்தில் எங்கே கிடைத்தது, யார் தந்தது, வாங்கியதென்றால் என்ன விலை என்று எழுதச் சொல்லுங்கள். கொப்பியில் இடமில்லாத காசை வாங்குவதில்லை, அவ்வளவுதான் சட்டம். முதலில் தேய்ந்ததாக இருந்தாலும் இடத்தை நிரப்பட்டும், நல்லது கிடைத்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனி அந்த வீட்டுக்கு வந்த ஆள். எனக்கு இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பொறுமை போய்விடும். நிறுத்து எடுக்கிறேன் என்று வருகிறவர் செம்புக்கும் பித்தளைக்கும் வருவதில்லை, உள்ளே கிடக்கும் வெள்ளிக்குத்தான் வருகிறார். நம் பத்துச் சதம், இருபத்தைந்து சதம், ஐம்பது சதம் எல்லாம் 1892 முதல் வெள்ளியில் வந்தவை, 1943 இல்தான் ஐம்பதும் இருபத்தைந்தும் பித்தளைக்கு மாறின. 1957 இல் புத்த ஜயந்திக்கு வந்த ஐந்து ரூபா இருக்கிறதே, அது 28 கிராமுக்கு மேல் பாரமுள்ள நல்ல வெள்ளி. அதே ஜயந்திக்கு வந்த ஒரு ரூபா வெள்ளியில்லை, அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வீட்டுக்காரருக்கு அது செல்லாத ஐந்து ரூபா, வந்தவருக்கு ஒரு கிழமை உழைப்பு. சில பேர் இன்னும் கெட்டிக்காரர்கள். பெறுமதியில்லாத ஒரு அலுமினியச் சதத்தைத் தூக்கிப் பிடித்து, அடடா இது அருமையான காசு என்று ஐந்நூறு ரூபாவைக் கையில் திணிப்பார்கள், நீங்கள் சந்தோசத்தில் மிச்சத்தைச் சும்மாவே கொடுத்துவிடுவீர்கள். நகைக்கடைக்குப் போனாலும் உருக்குகிற விலைதான் சொல்வார்கள், அது அவர்கள் தொழில், ஆனால் நிறுத்துப் பார்க்க அந்தத் தராசு நல்லது. நிறுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

யூடியூப்பிலும் முகநூலிலும் வருகிற "இந்த ஐந்து ரூபா உங்களிடம் இருந்தால் பத்து இலட்சம்" வீடியோக்களைப் பிள்ளை கட்டாயம் பார்த்திருப்பான். பெரும்பாலும் இந்தியக் காசைக் காட்டித்தான் சொல்வார்கள். வட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் உடனே விலை பேசுவார்கள், பிறகு பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு கூரியர் செலவு, பிறகு உங்கள் தொலைபேசிக்கு வந்த இரகசிய எண்ணைச் சொல்லுங்கள் என்று போகும். காசை வாங்குகிறவன் உங்களிடம் எதற்காகப் பணம் கேட்கிறான் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்தால் விளங்கிவிடும். தன் பெயரைச் சொல்லிப் பழைய காசும் நோட்டும் வாங்கி விற்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. அறிவித்து என்ன, வீடியோக்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

போலிக் காசு இன்னொரு தொல்லை. கிழக்கிந்தியக் கம்பனி, 1818 என்று எழுதி மறுபக்கம் இராமர், அனுமான், இலட்சுமி என்று சாமிப் படம் போட்ட பெரிய செப்புக்காசு நம் பக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது, யாத்திரை போனவர்கள் வாங்கி வந்தது, சாமி அறையில் வைத்துக் கும்பிடுகிறார்கள். கும்பிடுவதில் பிழை சொல்லவில்லை, ஆனால் அது கம்பனி அடித்த காசு கிடையாது. வெயிலில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அச்சில் அடித்த காசில் எழுத்தின் ஓரம் வெட்டியதுபோல் நிற்கும், வார்த்தெடுத்ததில் வழுவழுவென்று கரைந்து கிடக்கும், வெறுந்தரையான இடத்தில் ஊசி முனையளவு குழிகள் தெரியும், விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடி, அதை அரத்தால் தேய்த்த தடமும் இருக்கும். காந்தம்போல் அரிசியை இழுக்கும் சக்தியுள்ள காசு என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்துங்கள்.

இங்கே ஒரு விசயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லத்தான் வேண்டும். பேணிக்குள் வி, ஓ, சி என்ற மூன்று ஆங்கில எழுத்தைப் பின்னிப் போட்ட சின்னச் செப்புக்காசு கிடந்தால் அது ஒல்லாந்தர் கம்பனிக் காசு, ஆண்டு 17 என்று தொடங்கும். நம் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முந்தியதைத் தொல்பொருள் என்கிறது. அது கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். ஆகவே ஒல்லாந்தர் காசும், சேது என்று தமிழில் எழுதிய யாழ்ப்பாண அரசர் காசும், சோழர் காசும், பொலன்னறுவை அரசர்களின் காசும் இதற்குள் வரும், விக்டோரியா மகாராணியின் 1870 ஆம் ஆண்டுச் சதம் வராது. வளவு வெட்டும்போதோ வயல் உழும்போதோ கிடைத்த பழைய காசு என்றால் அது உங்களுடையதில்லை, அரசாங்கத்துடையது, அறிவிக்க வேண்டும். கண்டெடுத்ததை வாங்குவதும் கூடாது, குளத்துக்கரையில் எடுத்தது என்று யாராவது மகனிடம் கொண்டுவந்தால் தொடவே வேண்டாம். தலைமுறையாக வீட்டில் இருந்தது வேறு கதை, ஆனாலும் அம்மம்மாவின் பேணியிலிருந்து வந்தது என்று கொப்பியில் எழுதி, திகதி போட்டு, படம் எடுத்து வையுங்கள், தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்காமல் கைமாற்ற வேண்டாம். வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரரிடம் கொடுத்தனுப்ப நினைத்தால் அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், பயணப்பைக்குள் போட்டு அனுப்புவது குற்றம். இன்னும் ஒன்று: யானைப் படம் போட்டு 1815 என்றே ஆண்டுள்ள செப்புக்காசும் இருக்கிறது, மறுபக்கம் மூன்றாம் ஜோர்ஜ். மார்ச்சுக்கு முந்தியா பிந்தியா என்று அந்தக் காசைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. அப்படியொன்று கிடந்தால் தொல்பொருள் என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள், அதனால் உங்களுக்கு ஒரு நட்டமும் வராது.

கழுவுவது. பழப்புளி, தேசிக்காய், திருநீறு, பற்பசை, பித்தளைப் பொலிஷ் எதுவும் வேண்டாம். செம்பின் மேல் காலம் ஏற்றிய கபில நிறம்தான் அந்தக் காசின் தோல். தேய்த்தால் இரண்டு நிமிடம் பளபளக்கும், அதோடு எழுத்தின் கூர்மையும் போய்விடும், சேர்க்கிறவர்கள் யாரும் அதை மதிக்க மாட்டார்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, பஞ்சுத் துணியில் ஒற்றி எடுத்தால் போதும். விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது.

நம் ஊரில் ஒரு பக்கம் கடல், பல இடங்களில் மறுபக்கம் வாவி, காற்றிலேயே உப்பு. அதனால் வைக்கிற இடம் முக்கியம். கடைகளில் விற்கிற மலிவான பிளாஸ்டிக் அல்பங்களில் முகர்ந்தால் புது மழைக்கோட்டு மணம் வரும், அது பீவீசீ, நம் வெக்கையில் அது கசிந்து காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். அமிலமில்லாத கடதாசி உறையோ, இரண்டு அட்டைக்கு நடுவே தெளிந்த தாள் வைத்த சட்டமோ வாங்குங்கள். மருந்துப் போத்தலுக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறியாமல், காசு வைக்கும் டப்பாவுக்குள் போடுங்கள். இறப்பர் பட்டி போடவே வேண்டாம்.

இதையெல்லாம் பிள்ளைக்கு நேரில் காட்டிக்கொடுக்கக் கிழக்கில் ஓர் இடம் இருக்க வேண்டும் என்று நான் சொல்லாத ஆளில்லை. மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகம் கொழும்புக் கோட்டையில், சதாம் வீதியில் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து புகையிரதத்தில் போனால் ஓர் இரவுப் பயணம், கல்முனைக்காரருக்கு அந்தப் புகையிரதமும் கிடையாது, முதலில் பஸ் பிடிக்க வேண்டும். புது நினைவு நாணயம் வந்திருக்கிறதா என்று ஊர் வங்கிக் கிளையில் கேட்டால் அப்படியொன்று வந்ததா என்று நம்மிடமே திருப்பிக் கேட்கிறார்கள். இந்த நிலைமை இருக்கும்வரை தரகருக்குத்தான் வாசி, ஒரு ரூபாக் குத்திக்கு மூன்று கைக்கு இலாபம் கொடுத்து வாங்குகிறோம். ஒவ்வொரு பாடசாலையிலும் சமூக விஞ்ஞான அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்க எவ்வளவு செலவாகும்?

கொழும்புக்கு எப்போதாவது வேறு வேலையாகப் போனால் மகனைக் கூட்டிக்கொண்டு அந்த அருங்காட்சியகத்துக்குப் போங்கள், திறந்திருக்கும் நாளை முதலே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், கொப்பி கையில் இருக்கட்டும். சதுரக் காசில் இரட்டையாக இருப்பவற்றைத் தனியாக ஓர் உறையில் போடச் சொல்லுங்கள், அவனைப்போல் சேர்க்கிற பிள்ளைகளோடு அவற்றை மாற்றிக்கொள்ளலாம். பெரியவர்களோடு மாற்றுவதென்றால் நீங்களும் கூடவே இருங்கள். வெள்ளி என்று சந்தேகப்படும் எதையும் அந்த உறைக்குள் போட விட வேண்டாம்.