பழைய கேம் பாயில் விளையாடி மதிப்பெண் போடுகிறேன். இன்றைய அளவுகோலில் போடுவதா, அன்றைய அளவுகோலில் போடுவதா?

உங்கள் சிக்கல் புரிகிறது. ஒவ்வொரு விளையாட்டாக முடித்துப் பத்துக்கு மதிப்பெண் எழுதி வருகிறீர்கள். இன்றைய விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் எல்லாமே தோற்றுவிடுகின்றன. அந்தக் காலத்தை நினைத்துச் சலுகை கொடுத்தால் எல்லாமே எட்டைத் தாண்டிவிடுகின்றன. இரண்டு வழியிலும் பட்டியலுக்குப் பொருளில்லாமல் போகிறது.

இரண்டு அளவுகோலையும் விட்டுவிடுங்கள். நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கருவி எப்படிப்பட்டது என்று நன்கு தெரிந்தவர்கள் செய்த விளையாட்டா இது? இதற்கு விடை தேடினால் சலுகையும் தேவைப்படாது, அநியாயமும் நடக்காது.

முதலில் கருவியைப் பார்க்க வேண்டும். நின்டெண்டோ 1989இல் வெளியிட்ட கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாயின் திரையில் இருப்பவை 160க்கு 144 பிக்சல்கள். நிறம் என்று சொல்ல நான்கு சாயல்கள் மட்டுமே. திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. ஒரு திசைப் பட்டன், ஏ, பி, ஸ்டார்ட், செலக்ட் என்பதோடு கட்டுப்பாடு முடிந்தது. அதே ஆண்டில் வந்த அடாரி லிங்க்ஸிலும், அடுத்த ஆண்டு வந்த சேகா கேம் கியரிலும் வண்ணத் திரையும் பின்விளக்கும் இருந்தன. ஆனால் அவை ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தீர்த்தன. கேம் பாய் நான்கு பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய், பலரும் பயன்படுத்திப் பழகி விலை குறைந்துவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கை உடையவர். ஆகவே கேம் பாயின் குறைகளில் பெரும்பாலானவை தெரிந்தே ஏற்றுக்கொள்ளப்பட்டவை. அவற்றை மறந்து ஒரு விளையாட்டை வடிவமைத்தவருக்கு மதிப்பெண் குறைப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

என் கணக்கில் பத்தில் நான்கு மதிப்பெண் கைக்கு: பட்டனை அழுத்தியதும் நினைத்தது நடக்கிறதா? மூன்று மதிப்பெண் திரைக்கு: வரப்போவதைக் கண்ணால் முன்கூட்டியே பார்க்க முடிகிறதா? இரண்டு, நிறுத்திவிட்டுத் திரும்பி வரும் வசதிக்கு. கையடக்கக் கருவியில் ஒருவர் எப்போது வேண்டுமானாலும் விளையாட்டை நிறுத்த நேரலாம். அதற்கு இடம் கொடுக்காத விளையாட்டு தவறான கருவிக்கு வந்துவிட்டது என்றே பொருள். மீதி ஒன்று ஒலிக்கு. ஒலிக்கு ஒன்றுதானா என்று கேட்பார்கள். எனக்கும் மனம் ஒப்பவில்லைதான், ஆனால் ஒலியை அணைத்துவிட்டும் விளையாடக்கூடிய கருவி இது.

டெட்ரிஸில் தொடங்குவோம், ஏனென்றால் திரையைப் பயன்படுத்துவது என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் விளையாட்டு இல்லை. மேலிருந்து விழும் துண்டுகளை இடைவெளியில்லாமல் அடுக்கி வரிசைகளை நிரப்பும் அதை, 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் கணினியில் உருவாக்கினார். கேம் பாய்க்காகப் பிறந்ததல்ல. ஆனால் கேம் பாயின் திரையை எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துப் பாருங்கள்: குறுக்கே 20 கட்டம், நெடுக்கே 18. டெட்ரிஸின் களம் 10 கட்ட அகலம், 18 கட்ட உயரம். அதாவது சரிபாதித் திரை, மேலிருந்து கீழ்வரை, ஓரிடமும் வீணாகவில்லை. வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும் நின்டெண்டோ பதிப்பில் 20 வரிசைகள் உண்டு. இங்கே இரண்டு வரிசை குறைவதால் மேலே நெருங்கும் பயம் சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. நிறம் இல்லாத குறையை, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் வேறு வேறு கோலம் வரைந்து தீர்த்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய கேம் பாய் திரையில் வேகமாக நகரும் எந்த உருவத்தின் பின்னாலும் மங்கலான நிழல் இழுபடும். பக்கவாட்டில் பின்னணி நகரும் விளையாட்டுகளில் இது கண்ணை வருத்தும். டெட்ரிஸில் ஒரு துண்டு மட்டும் கட்டம் கட்டமாக இறங்குகிறது, மற்ற எல்லாம் அசையாமல் நிற்கின்றன. கருவியின் மிகப் பெரிய பலவீனம் இந்த விளையாட்டைத் தொடுவதே இல்லை. பத்துக்குப் பத்து கொடுத்திருப்பேன். ஆனால் கேட்ரிட்ஜில், அதாவது விளையாட்டு அடங்கிய செருகுபெட்டியில், சேமிக்கும் வசதி இல்லாததால், அணைத்தவுடன் நம் உச்சப் புள்ளிகள் அழிந்துவிடுகின்றன. அதற்காக ஒன்று குறைத்து 9.

சூப்பர் மரியோ லேண்டுக்கு நான் தருவது 6.5. இதைச் சொன்னால் பலர் வருத்தப்படுகிறார்கள். கருவி வெளியானபோதே வந்த விளையாட்டு, யோகோயின் குழு செய்தது, ஹிரோகசு தனாகாவின் இசை இன்றும் தலைக்குள் சுற்றுவது, எல்லாம் உண்மை. உருவங்களை மிகச் சிறியதாக வரைந்ததும் சரியான முடிவுதான், முன்னால் நீண்ட பாதை தெரிகிறது. திரைக்கான மூன்றும் முழுதாகக் கிடைக்கும். குறை கையில் இருக்கிறது. குதித்து இறங்கும்போது மரியோ கல்லாக விழுகிறார். குறுகிய மேடைகளில் இறங்குவது திறமையைவிடப் பழக்கத்தைச் சார்ந்ததாகிவிடுகிறது. நான்கில் இரண்டுக்கு மேல் என்னால் தர முடியவில்லை. மொத்தம் 12 நிலைகள், பழகியவர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்பதால் சேமிக்கும் வசதி இல்லாதது பெரிய குற்றமில்லை. ஆனாலும் பாதியில் அணைத்தால் முதலிலிருந்துதான்.

1992இல் வந்த இரண்டாம் பாகத்தில் முடிவுகள் தலைகீழாகின்றன. உருவங்கள் பெரிதாகவும் அழகாகவும் ஆகிவிட்டன, அதனால் முன்னால் தெரியும் பாதை சுருங்கிவிட்டது. இந்த இழப்பை அறிந்தவர்கள் விளையாட்டின் வேகத்தைக் குறைத்து ஈடுகட்டியிருக்கிறார்கள். பகுதிகளை எந்த வரிசையிலும் ஆடலாம், சேமிக்கவும் முடியும். 7.5. இரண்டு பாகங்களையும் அடுத்தடுத்து ஆடிப் பார்த்தால், உருவத்தின் அளவு என்ற ஒரே முடிவு விளையாட்டின் ஒவ்வொரு அங்கத்தையும் எப்படி மாற்றுகிறது என்பது கண்கூடாகத் தெரியும். எனக்கு இந்தப் பழைய கருவியின் மீது இவ்வளவு ஈடுபாடு வந்ததற்கு இந்த மாதிரி ஒப்பீடுகள்தான் காரணம்.

மெட்ராய்டு இரண்டாம் பாகத்துக்கு 4 போட்டிருக்கிறீர்கள். காரணமும் சொல்லியிருக்கிறீர்கள்: வரைபடம் இல்லை, எல்லாச் சுரங்கமும் ஒன்றுபோல் இருக்கிறது, வழி தெரியவில்லை. குறைகள் சரி, மதிப்பெண் சரியில்லை என்பது என் எண்ணம். 1991இல் வந்த அந்த விளையாட்டில் நாயகி சேமஸின் உருவம் மிகப் பெரியது. சுற்றிலும் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் அவள் இறங்கியிருப்பது ஒரு வேற்றுக் கோளின் அடியில், மூச்சடைக்கும் குகைகளுக்குள். அடுத்த அடியில் என்ன என்று தெரியாத அச்சத்தை அந்தக் குறுகிய பார்வையே உண்டாக்குகிறது. வேட்டையாட வேண்டிய மெட்ராய்டு உயிரினங்களின் எண்ணிக்கை திரையின் ஓரத்தில் 39 என்ற எண்ணில் தொடங்கி, வேட்டையாட ஆடக் குறைந்துகொண்டே வருகிறது. வரைபடம் இல்லாத இடத்தில் அந்த எண்தான் நமக்கு வழித்துணை. ஒரு தாளில் கையால் படம் போட்டுக்கொண்டு, ஹெட்ஃபோன் மாட்டி ஆடிப் பாருங்கள். கருவியின் ஒலிபெருக்கியில் ஒற்றையாக வரும் ஒலி ஹெட்ஃபோனில் இடம் வலமாகப் பிரியும். நான் 7 தருகிறேன். ஒரே மாதிரியான சுவர்களுக்காக மூன்றை நானும் குறைத்துத்தான் இருக்கிறேன்.

கிர்பியின் முதல் விளையாட்டைச் சிறியது என்று சொல்லி மதிப்பெண் குறைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்தே நிலைகள்தான். அது புதிதாக விளையாட வருபவர்களுக்காகவே செய்யப்பட்டது. மசாஹிரோ சகுராய் முதன்முதலாக இயக்கியது. குழியில் விழப் போகிறோமா, காற்றை உறிஞ்சிப் பறந்துவிடலாம். முடித்தவர்களுக்குக் கடினமான இன்னொரு வடிவமும் உள்ளே காத்திருக்கிறது. எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை மதிப்பெண்ணில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். நீளமான விளையாட்டு நல்ல விளையாட்டு என்ற எண்ணம் பிற்காலத்தில் வலுத்தது, இந்தக் கருவிக்கு அது பொருந்தாது. 8.

செல்டா வரிசையின் லிங்க்ஸ் அவேக்கனிங், 1993. தீவு முழுவதும் 256 திரைகளாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொன்றும் பத்துக்கு எட்டுக் கட்டம். ஒரு திரைக்குள் ஒரு சிறு புதிர், அல்லது ஒரு சண்டை, அல்லது ஒரு மனிதர். இரண்டு நிமிடம் கிடைத்தாலும் ஏதோ ஒன்றைச் செய்துவிட்டு நிறுத்தலாம். இவ்வளவு பெரிய கதையைக் கையடக்கக் கருவிக்கு ஏற்ற அளவில் துண்டு போட்ட விதத்தை நான் எத்தனை முறை வியந்தாலும் தகும். இரண்டே பட்டன்கள் என்பதால் வாளைக்கூட ஒரு பட்டனில் நாமே பொருத்த வேண்டும்; ஆனால் அந்தக் குறையிலிருந்தே இறகும் காலணியும் சேர்ந்தால் நீண்ட தாவல், குண்டும் அம்பும் சேர்ந்தால் வெடிக்கும் அம்பு என்று புதிய வழிகள் பிறக்கின்றன. ஒன்று மட்டும் பொறுக்க முடியவில்லை. தூக்க முடியாத கல்லில் தெரியாமல் உரசினாலும் ஒவ்வொரு முறையும் அதே செய்தி வந்து கையைக் கட்டிப்போடுகிறது. 9.

பத்துக்குப் பத்து நான் கொடுத்திருப்பது ஒன்றுக்குத்தான்: 1994இல் வந்த டாங்கி காங். 1981இன் ஆர்கேட் விளையாட்டில், அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திர விளையாட்டில், இருந்த அதே நான்கு நிலைகளோடு தொடங்குகிறது. பழசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்கும்போது, அதற்குப் பிறகு 97 நிலைகள் விரிகின்றன. பெரும்பாலானவற்றில் சாவியைத் தேடிக் கதவுக்குக் கொண்டுபோக வேண்டும். பல நிலைகள் ஒரே திரையில் முழுதாகத் தெரிவதால் எல்லாவற்றையும் பார்த்து, யோசித்து, பிறகு நகரலாம். நிழல் இழுபடும் தொல்லை அங்கே இல்லை. மரியோ கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கிறார், அங்கிருந்து இன்னும் உயரமாகத் தாவுகிறார், பின்னோக்கிக் கரணம் போடுகிறார். இத்தனையும் இரண்டு பட்டன்களில். ஒவ்வொரு அசைவும் விரல் கேட்டபடியே நடக்கிறது. சேமிக்கவும் முடிகிறது. எங்கே குறைப்பது என்று தேடியும் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

போக்கிமானுக்கு 8. ஜப்பானில் 1996இல் அது வந்தபோது கேம் பாய்க்கு வயதாகிவிட்டிருந்தது. சண்டையில் இல்லாத எந்த நேரத்திலும் சேமிக்கலாம் என்பதால் நிறுத்தும் வசதிக்கு முழு மதிப்பெண். பைக்குள் இருபது வகைப் பொருள்களுக்கு மேல் வைக்க முடியாமல் கழிக்கும் நேரத்தை நான் மன்னிக்கவில்லை. ஒரு பதிப்பில் மட்டும் எல்லாப் போக்கிமான் உயிரினங்களையும் பிடிக்க முடியாது, இணைப்புக் கம்பி வழியாக இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். ஆகவே தனியாக ஆடி முடித்துப் போடும் மதிப்பெண் அந்த விளையாட்டுக்கு முழுமையான மதிப்பெண் ஆகாது. துணைக்கு ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கருவியிலிருந்தும் ஆர்கேடிலிருந்தும் சுருக்கிக் கொண்டுவரப்பட்ட விளையாட்டுகளில் பல என் பட்டியலில் ஐந்தைத் தாண்டவில்லை. பெரிய திரைக்காக வரைந்ததை அப்படியே சிறிதாக்கினால் எதிரி விளிம்பிலிருந்து திடீரென்று முளைப்பான், தடுக்க நேரமே இருக்காது. இதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நீங்கள் எதில் ஆடினீர்கள் என்பதையும் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பழைய கருவியைப்போல நடந்துகொள்ளும் கணினி நிரலான எமுலேட்டரில் எந்த நொடியிலும் நிலையைப் பதிந்துவைத்து, தவறினால் பின்னோக்கிச் சுற்றி ஆடியவர் சொல்லும் கடினம் வேறு. அசல் கருவியில் ஆடியவர் சொல்லும் கடினம் வேறு. பின்விளக்குள்ள புதிய திரை மாற்றிய கருவியில் நிழல் இழுபடுவது மிகக் குறைவு. அதில் வேகமான விளையாட்டுகள் ஒரு மதிப்பெண்ணாவது கூடுதலாகப் பெறும், அசல் திரையில் ஆடுபவர் அதை நம்பி ஏமாறக்கூடாது. அசல் திரையில் ஆடுகிறீர்கள் என்றால், குறை சொல்லும் முன் பக்கத்தில் இருக்கும் கான்ட்ராஸ்ட் சக்கரத்தை ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியாகச் சரிசெய்யுங்கள்.

சேமிக்கும் வசதியுள்ள பழைய கேட்ரிட்ஜ்களில் பலவற்றுக்குள் நாணய வடிவ பேட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அது தீர்ந்தால் சேமித்தது அழியும். பேட்டரியைக் கழற்றி மாற்றும்போதும் அழியும். விளையாட்டு கெடாது, நாம் ஆடியதுதான் போகும். லிங்க்ஸ் அவேக்கனிங்கையும் போக்கிமானையும் தொடங்கும் முன்பே புதிய பேட்டரி மாற்றிவிடுங்கள், அல்லது கேட்ரிட்ஜிலிருந்து சேமிப்பைக் கணினிக்கு எடுக்கும் கருவி ஒன்றை வாங்கி அவ்வப்போது நகலெடுத்து வையுங்கள்.