சிங்கப்பூர் ஈரத்தில் பைப் புகையிலை

கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து உட்லண்ட்ஸில் வாடகை அறையில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்கிறார்: "பைப் புகையிலை காயாமல் இருக்க டப்பாவில் நனைத்த களிமண் வில்லை போடச் சொல்கிறார்கள். இங்கே அது எங்கே கிடைக்கும்? சில வருடம் வைத்து முதிரவிடலாமா?"

தம்பி, அந்த வில்லை உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அது குளிர்நாட்டு யோசனை. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று வறண்டுபோகும், புகையிலை சருகாகும். இங்கே சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். திறந்து வைத்தால் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் தோல் போடுவதும் அதே கேடுதான்.

ஜாடியை மூடும்போது புகையிலையில் என்ன ஈரம் இருக்கிறதோ, அதுதான் கடைசிவரை இருக்கும். அதனால் மூடும் நேரத்தில்தான் கவனம் வேண்டும். ஏர்கான் ஓடும் அறையில் காகிதத்தில் பரப்பிவிடுங்கள். அவ்வப்போது ஒரு சிட்டிகை எடுத்து அழுத்திப் பாருங்கள். கட்டியாகவே நின்றால் ஈரம் அதிகம், நொறுங்கினால் காய்ந்துவிட்டது. மெல்லப் பிரிந்து விரிந்தால் சரி, அப்போதே அடையுங்கள். ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடி போதும், லிட்டில் இந்தியாவில் உள்ள முஸ்தபா கடையில் பார்க்கலாம். சிறிய ஜாடிகளாக வாங்குங்கள். பெரியதை அடிக்கடி திறந்தால் ஒவ்வொரு முறையும் வெளி ஈரம் உள்ளே போகும். ஊறுகாய்க்குப் பார்ப்பதுபோல, கழுவிய ஜாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. ஜிப் பைகளை நம்பாதீர்கள், காற்று கசியும். வாங்கிய தகர டப்பாவும் இந்த ஈரத்தில் துருப்பிடிக்கும், அடைப்பு விட்டுப்போகும்.

கேமராவுக்கு வைத்திருக்கும் டிரை கேபினட்டில் (உள்ளே ஈரத்தைக் குறைத்து வைக்கும் பெட்டி) திறந்த புகையிலையை வைக்காதீர்கள். அது 40, 50 சதவீதத்தில் ஓடும், எல்லாம் பொடியாகிவிடும். வெயில் படாத அலமாரி நல்லது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பாம் ஷெல்டர், அதாவது தடித்த சுவர் வைத்த பாதுகாப்பு அறை இருந்து, வீட்டுக்காரர் சம்மதித்தால் அது இன்னும் நல்லது: இருட்டு, வெப்பமும் அதிகம் ஏறி இறங்காது. ஆனால் மசாலாப் பொடி, ஊதுபத்தி பக்கத்தில் ஜாடியைத் திறக்க வேண்டாம். புகையிலை வாசனையை இழுத்துக்கொள்ளும்.

ஊரிலிருந்து கொண்டுவந்தால் ஒரு கிராமுக்கும் தீர்வை விலக்கு இல்லை. சாங்கி விமான நிலையத்தில் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, தீர்வையும் 9 சதவீதப் பொருள், சேவை வரியும் கட்டிவிடுங்கள். மெல்லும் புகையிலைக்கு முழுத் தடை. யாருக்காவது கொடுக்கச் சொல்லிப் பொட்டலம் தந்தாலும் வாங்காதீர்கள்.

முதிரவிடுவது எல்லா வகைக்கும் பொருந்தாது. வர்ஜீனியா, பர்லி, லட்டாக்கியா எல்லாம் புகையிலை வகைகள். வர்ஜீனியாவில் சர்க்கரை அதிகம். ஜாடிக்குள் இருக்கும் காற்றில் மெல்லப் புளித்து, நிறம் கறுத்து, உலர்திராட்சை மணம் வரும். எனக்கு அதற்கு ஈடு வேறில்லை. பர்லியில் சர்க்கரை குறைவு, மாற்றமும் குறைவு. லட்டாக்கியாவின் புகை மணம் வருடங்கள் போகப் போக மங்கும். வாசனை சேர்த்த வகைகள் காத்திருப்பதால் மேம்படுவதில்லை, அவற்றை முதலில் தீர்த்துவிடுங்கள். மேலே வெள்ளையாகத் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். மின்னும் துகள்களாக இருந்தால் படிகம். பஞ்சுபோல இருந்து மக்கிய வாடை வந்தால் பூசணம். மேலாக மட்டும் கிள்ளிப் போடாமல் ஜாடி முழுவதையும் கொட்டிவிடுங்கள்.