நச்சு கலந்த மண்ணைச் சூடாக்கித் தூய்மைப்படுத்துவது எப்படி?

வெப்பமுறைச் சுத்திகரிப்பு என்பது, எண்ணெய், பூச்சிக்கொல்லி, டையாக்சின் என்ற கொடிய நச்சு வேதிப்பொருள் போன்றவை கலந்த மண்ணைச் சூடாக்கி, அந்த நச்சை ஆவியாகப் பிரித்தெடுப்பதாகும். ஈரமான அரிசி மாவை வறுக்கும்போது ஈரம் ஆவியாகிப் போக, மாவு கருகாமல் வாணலியிலேயே தங்குவதைப் போன்றது இது. பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே பிரிந்துவிடும். டையாக்சினோ எளிதில் ஆவியாகாமல் மண்துகளை இறுகப் பற்றிக்கொள்வதால், அதற்கு மிகுந்த வெப்பம் தேவைப்படுகிறது.

வியட்நாமின் டா நாங் விமான நிலையத்தில், போர்க்காலத்தில் அமெரிக்கப் படை சேமித்து வைத்திருந்த 'ஏஜென்ட் ஆரஞ்ச்' களைக்கொல்லி சிந்தியதால், மண்ணில் டையாக்சின் ஊறிப்போயிருந்தது. 2012 முதல் 2018 வரை நடந்த பணியில், அந்த மண்ணைத் தோண்டி, கான்கிரீட் சுவர்களுக்குள் குவித்து, மேலே மூடி, செங்குத்தாக இறக்கிய வெப்பக் குழாய்களால் குறைந்தது 335 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றினார்கள். டையாக்சினின் பெரும்பகுதி குவியலுக்குள்ளேயே சிதைந்தது. எஞ்சிய ஆவியை உறிஞ்சியெடுத்துத் தனியே சுத்திகரித்தார்கள். இந்த உறிஞ்சும் ஏற்பாடுதான் முறையின் உயிர்நாடி என்பேன், ஏனெனில் அது இல்லையேல் மண்ணிலிருந்த நஞ்சு காற்றுக்குப் போய்விடும்.

சூடேற்றினால் எந்த நச்சும் அகன்றுவிடும் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை வெப்பம் அழிப்பதில்லை என்பதால், அவை கலந்த மண்ணுக்கு வேறு முறைகளே தேவை.