கோத்தகிரியில் 17 வயது மகனுக்கு மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மகனுக்கு லைசென்ஸ் எடுக்க இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, வீட்டில் ஒரு 110 சிசி ஸ்கூட்டரும் பழைய காரும் நிற்கின்றன, மேட்டுப்பாளையம் ரோட்டில் இப்போதே பழக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாவியைக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்ந்த 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. '16 வயதிலேயே ஓட்டலாமே' என்பார்கள். அது 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு, அதுவும் லைசென்ஸோடு.

இந்த எட்டு மாதமும் அவனைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துப் பாடம் நடத்தலாம். முதல் பாடம் பிரேக் சூடு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போவதற்குள் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்குகிறோம். 1,000 கிலோ கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலில் 40 லிட்டர் பச்சைத் தண்ணீரை, அதாவது மூன்று குடத்தை, கொதிக்க வைத்துவிடலாம். அந்தச் சூட்டையெல்லாம் பிரேக் தலையில் கட்டினால் முதலில் கருகல் வாடை வரும், பிடிப்பு குறையும். அடுத்து பிரேக் ஆயிலே கொதிக்கும். 'டாட் 3' என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 205 டிகிரி தாங்கும். ஈரம் உறிஞ்சிப் பழசானால் 140 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதி பஞ்சு மாதிரி உள்ளே போய்த் தரையைத் தொடுவது அதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள், மெக்கானிக் மாற்றும்போது மகனும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். வேகத்தை இன்ஜின் பிடித்து வைத்திருக்கும், வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து விட்டுவிடலாம். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினால் இந்தப் பிடி போய்விடும். இன்ஜினை அணைத்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு, மிதிக்குப் பலம் சேர்க்கும் பிரேக் பூஸ்டரும் உதவாது, மிதி கல்லாகிவிடும். சாவியை எடுத்தால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் கோணிக்கொள்ளும். கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பின்னால் வரும் பைக்காரர் விழுவார்.

ஸ்கூட்டரைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். கியர் இல்லாத வண்டியில் இன்ஜின் பிடி குறைவு. ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறையும்போது ஒரு கட்டத்தில் கிளட்ச் கழன்று அதுவும் போய்விடும், வண்டி நியூட்ரலில் போவது போல ஓடும். பழகாதவன் அப்போது பதறி முன் பிரேக்கை மட்டும் பிடிப்பான், ஈரத்தில் சறுக்கும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். லைசென்ஸ் வந்த பிறகும் முதல் சில மாதம் பின்சீட்டில் ஆள் வேண்டாம்.

பக்கத்து சீட்டில் இருக்கும்போது அவனை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: அடுத்த கொண்டை ஊசிக்கு எந்த கியர், எங்கே ஹாரன், எதிரே பஸ் வந்தால் எங்கே ஒதுங்குவது. அகலம் போதாத இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டு, இறங்கும் வண்டிதான் நிற்க வேண்டும். பஸ் திரும்பும்போது பின்சக்கரம் வளைவின் உள்பக்கத்தை வெட்டிக்கொண்டு வரும். அந்த இடுக்கில் பைக்கை நுழைக்கவே கூடாது.

இடைவெளியைக் கணக்கிட, முன்வண்டி ஒரு கல்லைத் தாண்டியதும் 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று எண்ணச் சொல்லுங்கள். காய்ந்த ரோட்டில் இரண்டு எண்ணி முடிக்குமுன் நாம் அங்கே போய்விடக் கூடாது, மழையில் நான்கு. 40 கிமீ வேகத்தில், பிரேக்கில் கால் வைக்கும் அந்த ஒன்றரை நொடியிலேயே 17 மீட்டர் ஓடிவிடும்.

மேகமூட்டத்தில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும், லோபீம்தான் சரி. பொழுது சாய்ந்த பிறகு காட்டெருமை ஒன்று ரோட்டைக் கடந்தால், உடனே கிளப்பாமல் நின்று தேயிலைக் காட்டுப் பக்கம் பாருங்கள். கூட்டத்தில் மற்றவை பின்னாலேயே வரும், கறுத்த உடம்பு லைட்டில் கடைசி நொடியில்தான் தெரியும்.