பூஞ்சை பிடித்த லென்ஸும் பில் இல்லாத கடையும்

நிக்கான் டி5300 வைத்திருக்கிறேன். நண்பரிடமிருந்து 50 எம்எம் 1.8டி லென்ஸ் வாங்கினேன். ஆட்டோஃபோகஸ் வேலை செய்யவே இல்லை. லென்ஸ் பழுதா?
- கோவை வாசகர்

பழுதில்லை. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவில் உள்ள மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசை கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை; டி90, டி7000 வரிசையில் உண்டு. பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்கும் லென்ஸ் உங்கள் கேமராவில் ஓடும். பணம் கொடுக்கும் முன் உங்கள் கேமராவில் மாட்டி ஒரே ஒரு படம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும், அதைக்கூடச் செய்யாமல் வாங்கிவிட்டு லென்ஸைச் சந்தேகப்படுகிறீர்கள். நண்பர் சம்மதித்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, இதே லென்ஸின் ஏஎஃப்-எஸ் வகையான 1.8ஜி தேடுங்கள். இல்லையென்றால் கையால் ஃபோகஸ் செய்யப் பழகுங்கள், ஃபோகஸ் சரியானதும் வியூஃபைண்டரில் பச்சைப் புள்ளி எரியும்.

ராணுவத்தில் இருப்பதாகவும் டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டதாகவும் சொல்லி ஒருவர் கேனான் கேமராவைப் பாதி விலைக்குத் தருகிறார். கூரியருக்கு முதலில் 3,000 ரூபாய் அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?
- வேலூர் வாசகர்

அனுப்பாதீர்கள். இது மோசடி. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் மேலே படிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

சென்னையில் ஒரு கடையில் புது ஜூம் லென்ஸ் வாங்கினேன். பில் வேண்டாம் என்றால் 4,000 ரூபாய் குறைவு என்றார்கள். ஐந்தே மாதத்தில் ஃபோகஸ் நின்றுவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் இதற்கு இந்திய வாரண்டி இல்லை என்கிறார்கள். கடையில் "கடை வாரண்டி இருக்கு சார், விட்டுட்டுப் போங்க" என்று வாங்கி வைத்து இரண்டு மாதம் ஆகிறது.
- சேலம் வாசகர்

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். "நீங்கதானே பில் வேண்டாம்னீங்க" என்று கடைக்காரர் பேசுவார், அதற்கு மயங்கிவிடாதீர்கள். பில் கொடுப்பது விற்பவரின் கடமை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை.

"பில் வேணுமா, வேணாமா?" என்று கேட்பதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. என்னவோ சலுகை தருவது போலக் கேட்கிறார்கள். கேமராவுக்கும் லென்ஸுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அரசுக்குப் போக வேண்டிய அந்தப் பணத்தில் ஒரு பங்கை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, கூடவே உங்கள் வாரண்டியையும், நாளைக்கு நீங்கள் கேள்வி கேட்பதற்கான ஆதாரத்தையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து முறையாக இறக்குமதியான லென்ஸ் என்றால் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும், அது சட்டம். ஸ்டிக்கர் இல்லையென்றால் அந்த லென்ஸ் யாருடைய பெட்டியிலோ துணிமணியோடு வந்திருக்கலாம், அதற்கு இங்கே கம்பெனி பொறுப்பேற்காது. கடை வாரண்டி என்பது கடைக்காரர் வாயால் சொல்வது, அவ்வளவுதான். எனக்கும் ஒரு 70-300 லென்ஸை இதே வாரண்டியோடு விற்றார்கள். பழுதானபோது போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. லென்ஸ் அவர்களிடம் இருப்பதற்கு ஆதாரம் வேண்டும். சீரியல் எண், கொடுத்த தேதி இரண்டையும் போட்டு "எப்போது தருவீர்கள்?" என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள், பதில் எதுவாக இருந்தாலும் அது உங்களுக்குச் சாட்சி. ஜிபேயில் கட்டியிருந்தால் அந்த விவரத்தையும் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியது சென்னையாக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் சேலத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. செய்யுங்கள், விடாதீர்கள்.

பழைய கேனான் கேமராவை "ஷட்டர் கவுண்ட் ரொம்பக் கம்மி" என்று விற்கிறார்கள். எப்படி நம்புவது?
- திருச்சி வாசகர்

வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். ஷட்டர் கவுண்ட் என்பது அந்தக் கேமராவில் இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. நிக்கானில் எடுத்த படத்தின் விவரத்திலேயே அந்த எண் இருக்கும். பெரும்பாலான கேனான் மாடல்களில் இருக்காது, கேமராவைக் கம்ப்யூட்டரில் இணைத்து மென்பொருளில்தான் பார்க்க முடியும். லேப்டாப்போடு போங்கள்.

என்னிடம் பதினான்கு லென்ஸ் இருக்கிறது. அடுத்து ஹீலியோஸ் 44-2 என்ற பழைய சோவியத் லென்ஸ் வாங்கி, அடாப்டர் போட்டு நிக்கான் டி750-ல் மாட்ட ஆசை. வாங்கலாமா?
- மதுரை வாசகர்

தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது. அந்த லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மில்லிமீட்டரில் உட்கார வேண்டும். நிக்கானில் லென்ஸ் மாட்டும் வளையமான மவுண்டே 46.5-ல் தொடங்குகிறது. இதைச் சரிக்கட்ட உள்ளே ஒரு கண்ணாடி வில்லை வைத்த அடாப்டர் விற்கிறார்கள், நானும் வாங்கினேன், படம் முழுக்கப் புகை படிந்தது போல வந்தது, அது வீண் செலவு. மிரர்லெஸ் கேமரா இருந்தால் தாராளமாக வாங்குங்கள், அதில் மவுண்ட் சென்சாருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை, பின்னணி சுழல்வது போல வரும் அந்த அழகுக்கு ஈடில்லை. ஆனால் இருக்கிற பதினான்கில் போன வருடம் எத்தனை கேமராவில் ஏறின?

என் கணவர் காலமாகி மூன்று வருடம். அவர் சேர்த்த ஆறு கேமரா, ஒன்பது லென்ஸ் பீரோவில் இருக்கின்றன. நிக்கான் எஃப்எம்2, பென்டாக்ஸ் கே1000, யாஷிகா என்று எழுதியிருக்கிறது. சில லென்ஸுக்குள் வெள்ளை நூல் மாதிரி தெரிகிறது. வந்து பார்த்தவர் எல்லாமே பூஞ்சை பிடித்தது என்று மொத்தமாக 6,000 ரூபாய் தருகிறாராம். கொடுத்துவிடலாமா ஐயா?
- நாகர்கோவில் வாசகி

கொடுக்காதீர்கள் அம்மா. அந்த எஃப்எம்2 நல்ல நிலையில் இருந்தால் அது ஒன்றே அதைவிட அதிக விலைக்குப் போகும். 1982-ல் வந்த கேமரா, பேட்டரி இல்லாமலே ஷட்டர் ஓடும், வெளிச்சம் அளக்க மட்டும்தான் பேட்டரி. கே1000-மும் அப்படியே. ஃபிலிமில் படம் எடுக்க ஆசைப்படும் இளைஞர்கள் இந்த இரண்டையும் தேடி அலைகிறார்கள்.

பூஞ்சை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் லென்ஸில் பூஞ்சை என்பதற்காகக் கேமராவின் விலையையும் சேர்த்து அடித்திருக்கிறார், இது வாங்க வருபவர்களின் பழைய தந்திரம். உங்கள் ஊர்க் கடற்காற்றில் ஈரம் அதிகம், 60 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினாலே பூஞ்சை வளரத் தொடங்கும். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் எல்லாவற்றையும் உறையிலிருந்து வெளியே எடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், ஈரப்பதம் 40 முதல் 50 வரை இருந்தால் நல்லது. அரிசியில் போடச் சொல்வார்கள், வேண்டாம், மாவுதான் உள்ளே போகும். பூஞ்சை பிடித்த லென்ஸை நல்லவற்றோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். ஆரம்ப நிலை என்றால் விவரம் தெரிந்த மெக்கானிக் சுத்தம் செய்துவிடுவார். கண்ணாடியின் பூச்சையே அரித்திருந்தால் தழும்பு போகாது.

கேமராவின் பின்கதவை மட்டும் திறந்துவிடாதீர்கள், உள்ளே ஃபிலிம் இருந்தால் வெளிச்சம் பட்டு வீணாகிவிடும். மேலே இடது பக்கம் இருக்கும் ரீவைண்ட் திருகை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், இறுக்கம் தெரிந்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. அதை அப்படியே ஒரு லேபில் கொடுத்துக் கழுவச் சொல்லுங்கள், உங்கள் கணவர் எடுத்த படங்கள் அதில் இருக்கக்கூடும்.

அப்புறம், ஒவ்வொன்றின் பெயரையும் சீரியல் எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். மொத்தமாக விற்காமல் ஒவ்வொன்றாக, குறைந்தது இரண்டு பேரிடமாவது விலை கேட்டு விற்கலாம். பட்டியலை எனக்கு அனுப்புங்கள், எதற்கு என்ன விலை கேட்கலாம் என்று எழுதுகிறேன்.